அவர் முடிக்கு நான் வைத்த வேண்டுதல்

எழுபதுகளின் கடைசியில், ஆங் மோ கியோ பேட்டையில் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிபோன புதிதில் நடந்தது இது. என் கணவர் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பேய் பிடித்த மாதிரி அடிக்கிற ஹார்ட் ராக். தோளுக்குக் கீழே தொங்கும் முடி. நீளமுடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்த காலம். தபால் நிலையத்தில் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேலை முடித்துப் போவார்கள். எனக்கு மானம் போகும். அவர் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நிற்பார்.

கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு முதல் ஆல்பத்தில் இறங்கினார். கைக்குழந்தை வேறு. ஆல்பம் ஓடாவிட்டால் எங்கள் கதி அதோகதிதான். பயத்தில் தேக்கா சந்தைப் பக்கத்துக் காளி கோவிலில் போய் நின்று, ஆல்பம் ஓடினால் அவருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். பிள்ளைக்கும் புருஷனுக்கும் நேர்ந்துகொள்வது வீட்டுப் பெண்கள்தானே? அவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆல்பம் ஓடு ஓடு என்று ஓடியது. தேக்கா இசைத்தட்டுக் கடையில் வாசலிலேயே மாட்டிவைத்தார்கள். அட்டை முழுக்க அவர் முடிதான். அடுத்து பெரிய அரங்கில் நிகழ்ச்சி. அவர் முடியை வீசி வீசி அடிப்பதைப் பார்க்கத்தான் கூட்டமே வருகிறது என்று குழுவினர் சிரித்தார்கள். நான் எந்த வாயால் சொல்வது? சோறு இறங்கவில்லை.

நிகழ்ச்சிக்கு முன்பு குழந்தைக்குக் காய்ச்சல். சாதாரணச் சளிதான் என்றார் டாக்டர். அம்மன் கோபம் என்றது என் மனசு. மறுநாளும் உடம்பு கொதிக்கவே, குழந்தையைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் விட்டுவிட்டுக் கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

மொட்டை போடுபவர் என் இடுப்பு வரை தொங்கிய பின்னலைப் பார்த்துத் தயங்கினார். "வீட்ல சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிட்டேன். போடுங்க."

என் புருஷன் முடிக்குப் பதிலாக என் முடியை எடுத்துக்கொள் தாயே என்று அழுதபடி உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பியபோது அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சந்தனம் பூசிய என் மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"இதுக்கா ஒழுங்கா சாப்பிடாம கிடந்த? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போட்டிருப்பேன் லா. நான் டிரம்ஸ் அடிக்கிறது கையாலதானே."

குழந்தையின் காய்ச்சல் தானாக இறங்கியது. நிகழ்ச்சியன்று முக்காடு போட்டுக் கடைசி வரிசைக்கு நழுவப் பார்த்தவளைக் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். ஊரே என் தலையைத்தான் பார்த்திருக்கும். நான் அவர் கைகளை மட்டும் பார்த்தேன்.

என் முடி வளர்ந்துவிட்டது. அவருக்குத்தான் இப்போது வழுக்கை. இன்றும் பயம் வந்தால் கோவிலுக்குப் போகத்தான் செய்கிறேன், ஆனால் அம்மனிடம் சொல்வதை அவரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன்.