திரேசா அக்கா மொழிபெயர்க்க மறுத்த கேள்வி

திரேசா அக்கா இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ரொறொன்ரோவுக்கு வெளியே இருக்கும் அஜக்ஸிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலைப் பிடிக்க நான் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய தம்பி அதிகம் பேசவில்லை. "அக்கா விடியப்பறம் போயிட்டா. வெள்ளிக்கிழமை பூசை. வருவீங்கள்தானே?" என்றார். "ஓம், வாறன்" என்றேன். பிறகு கோட்டையும் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அன்று இரண்டு ரயில்களைத் தவறவிட்டேன். அழுகை வரவில்லை. பல மாதங்களாக எதிர்பார்த்திருந்த செய்தி வந்து சேரும்போது மனிதனுக்கு முதலில் களைப்புத்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் பலர் அவரைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் கேட்டார்கள். எழுந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அவரை முதலில் கண்டது தொண்ணூற்றுமூன்றில், ஸ்காபரோவில், எங்களவர்கள் 'வெல்பெயர் ஒஃபிஸ்' என்று சொல்லும் அரசு உதவிப்பண அலுவலகம் ஒன்றின் ஒடுங்கிய நடையில். நாங்கள் இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது வந்தால் எங்களில் ஒருவரை உள்ளே கூப்பிடுவார்கள். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்து, கலியாணம் முடித்து லண்டன் போய், இளவயதிலேயே கணவரை இழந்து, கிழக்கு லண்டனில் ஒரு தையல் ஆலையில் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். அவருடைய ஆங்கிலத்தை இங்குள்ள அதிகாரிகள் இரண்டாம் முறை கேட்டுத்தான் விளங்கிக்கொள்வார்கள். "என்ர இங்கிலீசு இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு படிச்சது. அது கொஞ்சம் சுடும்" என்பார்.

அந்த நடையில் காத்திருந்த நேரங்களில்தான் அவருடைய லண்டனை நான் அறிந்தேன். நான் படங்களில் பார்த்த லண்டன் அல்ல அது. ஆலை மூடப்பட்டது. சுவரில் ஈரம் ஊறும் மாடிக் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு வேலை இல்லாத ஆண்கள் பகலில் ஜன்னலோரம் இருப்பார்கள். ஒரு கோடையில் காவல்துறை ஒரு கறுப்பு இளைஞனைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்ததில் கலவரம் வெடித்தது. கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, கார்கள் எரிந்தன. "கல்லெறிஞ்சது ஆரெண்டு ஒரு வருசமா விசாரிச்சவை. அந்தத் தெருவிலை ஏன் ஒருத்தருக்கும் வேலையில்லை எண்டு ஒரு நாள்கூட விசாரிக்கேல்லை" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் அவர் கட்சியில் சேர்ந்தார். அந்த நாட்டில் தொழிலாளர் பக்கம் பேசுவதாகச் சொன்ன கட்சி. நகரசபைத் தேர்தலில் நின்ற ஒரு பள்ளி ஆசிரியருக்காக, மின்தூக்கி வேலை செய்யாத கட்டடங்களில் மாடி மாடியாக ஏறித் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். ஆசிரியர் வென்றார். சில ஆண்டுகளில் தலைவரி வந்தது. மாளிகையில் இருக்கும் சீமானுக்கும், ஒற்றை அறையில் இருக்கும் வேலையில்லாத பெண்ணுக்கும் தலைக்கு ஒரே வரி. அக்கா கட்டமாட்டேன் என்றார். ஊர்வலத்தில் போனார், பொலிஸ் குதிரைகள் பாய்ந்தபோது ஒரு சப்பாத்தைத் தொலைத்துவிட்டு வீடு வந்தார். பிறகு நீதிமன்றத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வழக்குப் போட்டது அவருடைய கட்சியே நடத்திய நகரசபை. நீதிமன்ற வாசலில் அந்த ஆசிரியர் நின்றார்.

"'திரேசா, சட்டம் அப்பிடி, என்ர கையைக் கட்டிப்போட்டிட்டாங்கள்' எண்டான். நான் சொன்னன், 'உன்ர கை கட்டினபடி கிடக்கட்டும். உனக்காக அஞ்சாம் மாடி ஏறின என்ர காலைத் திருப்பித் தா.' பாவம், அவன் அழுதிட்டான். அழுதுபோட்டு உள்ளை போய் எங்களுக்கு எதிராத்தான் இருந்தவன்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. பின்னர் அந்த வரியை அரசு கைவிட்டது. "நாங்கள் வெண்டனாங்கள். ஆனா திரும்பக் கட்சிக் கூட்டத்துக்குப் போய் அந்தக் கதிரையிலை இருக்க மனம் வரேல்லை" என்றார். அடுத்த ஆண்டு தம்பியிடம் ரொறொன்ரோவுக்கு வந்துவிட்டார்.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூற்றைந்தில் இங்கே மாகாணத் தேர்தல் நடந்தது. வரியைக் குறைப்போம், வெல்பெயரை வெட்டுவோம் என்று சொன்ன கட்சிக்கு நான் வாக்களித்தேன். வாக்களித்ததோடு நிற்கவில்லை. அப்போதுதான் அஜக்ஸில் வீடு வாங்கியிருந்தேன். வீட்டு வாசல் புல்லில் அவர்களுடைய தேர்தல் அட்டையை நட்டேன். எங்களவர் வீடுகளுக்கு அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுபோனேன். நாங்கள் இரண்டு வேலை செய்து வரி கட்டுகிறோம், சிலர் வீட்டில் இருந்து சாப்பிடுகிறார்கள் என்று அந்த நாட்களில் நானும் சொல்லித் திரிந்தேன். அப்படிச் சொல்வது வீடு வாங்கியவனுக்கு ஒரு மரியாதைபோல இருந்தது.

என் மகளின் பிறந்தநாளுக்கு அக்கா இரண்டு பஸ் மாறி, ரயில் ஏறி வந்தார். வாசலில் நின்றுவிட்டார்.

"உது ஆர் நட்டது?"

"நான்தான் அக்கா."

"காலமை அந்தச் சனத்தின்ர கதையை வெள்ளைக்காரனுக்குச் சொல்லுறீர். பின்னேரம் அதுகளின்ர சோத்தை வெட்டச் சொல்லி மட்டை நடுறீர். ரெண்டும் ஒரே வாய்தானே?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "சரி, சரி. கேக்கை வெட்டுங்கோ, பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது" என்று உள்ளே போனார். திரும்ப அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் உதவிப்பணத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினார்கள். அலுவலகத்தின் நடை நிரம்பியது. அதிகாரிகளின் முகங்களும் இறுகின. ஒரு பெண் தனியாக இருப்பதாகச் சொன்னால், உண்மையில் வீட்டில் ஆண் இருக்கிறானா என்று தேடுவது அவர்களுடைய வேலையானது.

செல்வி என்ற பெண் அந்த மாதங்களில்தான் வந்தார். இரண்டு பிள்ளைகள். கணவர் ஊரில் காணாமற்போனவர். வீட்டைப் பார்க்கப் போன அதிகாரி வாசலில் ஓர் ஆணின் சப்பாத்தைக் கண்டிருந்தார். அது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகும் தன் அண்ணனுடையது என்று செல்வி சொன்னார். அன்று மொழிபெயர்த்தவர் திரேசா அக்கா. அண்ணன் என்று சொன்ன பிறகும், அந்த ஆளோடு ஒரே கட்டிலில் படுக்கிறாயா என்று கேட்கும்படி அதிகாரி சொன்னார். "இதை நான் தமிழிலை சொல்லமாட்டன்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னாராம். உங்கள் வேலை மொழிபெயர்ப்பது மட்டும் என்றார் அதிகாரி. அக்கா எழுந்து வெளியே வந்தார்.

நான் நடையில் இருந்தேன். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். என்னைக் கடந்து போகும்போது அக்கா, "போகாதையும்" என்றார். அவ்வளவுதான்.

நான் போனேன். அந்தக் கேள்வியை நல்ல தமிழில், முடிந்தவரை மென்மையாக, கேட்டேன். செல்வி என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். பதில் சொல்ல மறுத்தார் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த மாதமே செல்வியின் பணம் நின்றது. திரேசா அக்காவையும் அந்த அலுவலகம் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

வோபர்ன் பகுதியில் அக்காவின் ஒற்றைப் படுக்கையறை அப்பாட்மென்டுக்குச் செல்வியும் இரண்டு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அக்கா வெக்ஸ்போர்டில் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கும் வேலைக்குப் போனார். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து மேன்முறையீடு செய்தார். விசாரணைக்கு முந்தைய வாரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நீர் வந்து ஒண்டு மட்டும் சொன்னால் காணும். என்ன கேள்வி கேட்டவை எண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"வாறன் அக்கா" என்றேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு வாரம் தூங்கவில்லை. விசாரணை நாள் காலை அக்காவைக் கூப்பிட்டுக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இருக்கவில்லை. என்னுடைய சாட்சி இல்லாமலே அவர்கள் வென்றார்கள். செல்விக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, வெட்டப்பட்ட அளவில். மாலையில் அக்கா கூப்பிட்டார்.

"வெண்டிட்டம். உமக்குக் காய்ச்சல் எப்பிடி?"

"பரவாயில்லை அக்கா."

"நல்லது. கொத்தமல்லி அவிச்சுக் குடியும்."

அதற்குப் பிறகும் அவர் என்னோடு பழகினார். நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் அனுப்பினார். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

இந்த ஆண்டு வசந்தத்தில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே மாதங்களில் மீண்டும் மாகாணத் தேர்தல். தன் கட்டடத்தில் யார் யாருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்கக் கதவு கதவாகப் போனார். நானும் கூடப் போனேன். எந்தக் கட்சிக்கு என்று கேட்டேன். "ஒரு கட்சிக்குமில்லை. இங்கை ஆக்கள் இருக்கினம் எண்டு அவைக்குத் தெரியட்டும்" என்றார். ஒவ்வொரு தளத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒரு வீட்டுக்காரர், "எல்லாரும் கள்ளர்தானே அக்கா, ஏன் வோட்டு?" என்றார்.

"கள்ளர்தான். ஆனா எந்த வீட்டிலை நாய் நிக்குதெண்டு கள்ளனுக்குத் தெரியவேணும் தம்பி."

அந்த மனிதர் சிரித்துக்கொண்டு தன் பெயரைத் தந்தார். வெல்பெயரை வெட்டிய அதே கட்சிதான் மீண்டும் வென்றது. மறுநாள், அதற்குள் அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கண்ணைத் திறக்காமல், "எங்கட பில்டிங்கிலை எத்தினை பேர் வோட்டுப் போடப் போனவை?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லும்" என்றார். பிறகு, இனி நேரம் கிடைக்காது என்று நினைத்து, "அக்கா, அண்டைக்கு அந்த விசாரணைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "எனக்கேன் சொல்லுறீர்? எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களுக்குச் சொல்லும்."

ஆகவே சொல்கிறேன். சப்பாத்து செல்வியின் அண்ணனுடையது. அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன் என்று திரேசா அக்கா தன் வேலையை விட்டுக்கொடுத்தார். அதைக் கேட்டவன் நான். என்னை மன்னித்ததாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. செய்யவேண்டிய ஒரு வேலையைத்தான் தந்துவிட்டுப் போனார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது மட்டுமே. இன்றைக்குத்தான் தொடங்கியிருக்கிறேன்.