சிரித்த முகத்துக்கு எந்தப் பொத்தான்?

முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லும் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொஞ்ச நாளில் முகமும் புரியாது, மனசும் புரியாது. இதே வேலையில் இருக்கும் சகபாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தில்லி ஜனக்புரியில் ஒரு சின்னப் பயிற்சி மையம். அங்கே ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு டேப்லெட் விளையாட்டு மூலம் உணர்ச்சிகளைக் கற்றுக்கொடுக்கிறேன். திரையில் ஒரு முகம் வரும். கீழே மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் என்று நாலு பொத்தான். சரியானதைத் தொட்டால் நட்சத்திரம் கொட்டும், கைதட்டல் கேட்கும். தப்பாகத் தொட்டால் திரை மங்கிவிடும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

கைதட்டல்

அர்ஜுனுக்கு ஆறு வயசு. எந்த முகம் வந்தாலும் மூன்று வாரமாகத் தப்பான பொத்தானையே தொட்டுக்கொண்டிருந்தான். குருட்டாம்போக்கில் தொட்டால்கூட நாலில் ஒன்றாவது சரியாக விழுமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. 'முகங்களை அடையாளம் காணத் தெரியவில்லை' என்று நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தேன்.

ஒருநாள் டேப்லெட்டின் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. அன்றைக்குப் பயல் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சரியாகத் தொட்டான். அவன் காதுக்குக் கைதட்டல் ஆகாது. அது கேட்கக்கூடாதென்றே அத்தனை முகத்துக்கும் விடை தெரிந்துகொண்டு, கவனமாகத் தப்புப் போட்டிருக்கிறான். அவன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கரோல் பாக்கில் துணிக்கடை வைத்திருக்கும் பஞ்சாபிக்காரர், கோபமே இல்லாமல் இந்தியில் சொன்னார்: "இவன் பிறந்தநாளுக்கே எங்க வீட்டுல யாரும் கைதட்ட மாட்டோம் மேடம். நீங்க கேக்கவே இல்லையே."

என் கோபம்

இன்னொரு விளையாட்டில் டேப்லெட்டே நம் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும். 'கோபமாகக் காட்டு' என்று வந்தால் குழந்தை கோபமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நான் செய்து காட்டுவேன். அன்றைக்கு ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்ததால் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. முறைத்தேன். 'மகிழ்ச்சி' என்றது. பல்லைக் கடித்தேன். 'பெருமகிழ்ச்சி' என்று நட்சத்திரம் கொட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷமாக என் கோபத்துக்கு வீட்டில் ஏன் மரியாதை இல்லை என்று லேசாகப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. கூட வேலை பார்க்கும் சுனிதா தட்டிக்கொடுத்தாள்: "விடுங்க தீதி, நாளைக்குச் சிரிச்சுப் பாருங்க, ஒருவேளை பயந்துக்கும்."

பதினோரு தடவை

செல்விக்கு ஏழு வயசு. பேச்சு மிகவும் கம்மி. அவள் அம்மா கனகா, விழுப்புரம் பக்கத்துக்காரர், மூன்று வீடுகளில் சமையல் செய்கிறார். முகம் பார்க்கும் விளையாட்டில் மூன்றாம் நிலை தேறிவிட்டதாக நாங்கள் ரிப்போர்ட் கொடுத்தால் செல்வியைச் சாதாரண வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக ஒரு பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. மூன்றாம் நிலையில் கார்ட்டூன் முகங்கள் கிடையாது, வீட்டு மனிதர்களின் போட்டோக்கள்தான். கனகாவை நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி, நானே என் போனில் எடுத்து, 'மகிழ்ச்சி' என்று விடையும் பதிந்து ஏற்றியிருந்தேன்.

மற்ற படங்களெல்லாம் செல்விக்குச் சரியாக வந்தன. அம்மாவின் சிரித்த முகம் வந்தால் மட்டும் 'சோகம்'. பதினோரு தடவை திரை மங்கியது. நான் பொறுமையாக, "பாரு, அம்மா பல்லு தெரியுது, சிரிக்கிறாங்க" என்று அவள் விரலைப் பிடித்து மகிழ்ச்சியில் வைத்தேன். விரலை இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு படத்தால் ரிப்போர்ட் நின்றது. வெளியே பெஞ்சில் காத்திருந்த கனகா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "ஸ்கூல்ல இந்த வாரத்துக்குள்ள காகிதம் கேக்குறாங்க மேடம். நீங்களே அமுக்கிவிட்டா ஆவாதா?"

பச்சைப் புடவை

நானே அமுக்கக்கூடாது. வேறு போட்டோ எடுத்துப் பார்க்கலாமென்று கனகாவை உள்ளே அழைத்தேன். பயிற்சி நேரத்தில் பெற்றோரை உள்ளே விடுவதில்லை என்பதால் அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்த்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்தப் பச்சைப் பொடவ... வீட்டக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்னாங்களே, அன்னிக்குக் கட்னது மேடம். எங்கூட்டுக்காரருகிட்டகூட ராத்திரி வரைக்கும் சொல்லல. நீங்க சிரின்னு சொன்னீங்க, சிரிச்சேன்." செல்வி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. படத்தில் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பன்னிரண்டாவது தடவையாக 'சோகம்' பொத்தானைத் தொட்டாள். திரை மங்கியது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. கனகாவோ அழுதுகொண்டே சிரித்தார். அந்த முகத்துக்கு எங்களிடம் பொத்தானே இல்லை. மெல்லக் கேட்டார்: "அப்ப எம்மூஞ்சி இவளுக்குத் தெரியுதா மேடம்?"

திருத்திய விடை

விடையை மாற்ற மேலாளர் கபூர் மேடத்தின் கையெழுத்து வேண்டும். சிரிக்கும் முகத்துக்குச் சோகம் என்று எப்படி எழுதுவது? இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, டேப்லெட்டோடு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டு டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "இதைச் சிரிப்புன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

செல்வி மூன்றாம் நிலை தேறிப் பள்ளிக்கூடம் போகிறாள். நான்தான் இன்னும் அந்தப் படத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.