ராசிக்கார விரல்

என் தம்பிக்கு ஒரு விரலில் ராசி இருந்தது. எனக்குப் பத்து விரல் இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கிண்டியில் குதிரைப் பந்தயம் நடக்கிற சனிக்கிழமைகளில் அப்பா காலையிலேயே குளித்து, விபூதி பூசிக்கொண்டு, குதிரைகளின் பெயர் போட்ட பேப்பரைக் கூடத்தில் விரிப்பார். தம்பியை மடியில் உட்காரவைத்து, "கண்ண மூடிக்கோடா ராஜா, ஒண்ணத் தொடு" என்பார். எழுத்துகூடத் தெரியாத அந்த வாண்டு தொட்ட குதிரைமேல்தான் பணம் கட்டுவார். ஒருமுறை அது ஜெயித்தும் தொலைத்தது. அவ்வளவுதான், தாம்பரம் ஸ்டேஷனில் அப்பாவோடு ரயிலேறும் ரேஸ் கூட்டாளிகள்கூட அவனுக்குச் சாக்லேட் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"நானும் தொடறேன்பா" என்று ஒருநாள் பேப்பர்மேல் கையை வைத்தேன். அப்பா பதறிப்போய்த் தட்டிவிட்டார். "நீ தொடாத பாப்பா. அவன் ராசி போயிடும்." என் கையில் என்ன கரியா இருந்தது? அன்று நான் சாப்பிடவில்லை. யாரும் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பீரோவில் அம்மாவின் தோட்டைக் காணோம். அம்மா கத்தவில்லை. தம்பியைத் தூக்கிவந்து அப்பா முன்னால் நிறுத்தினாள்.

"இனிமே ரேஸுக்குப் போக மாட்டேன்னு இவன் தலைல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"குழந்தையப் போயி எதுக்குடீ..." என்று முனகிய அப்பா, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அம்மா பிடித்து இழுத்தும் அந்தக் கை வரவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குதிரைக்கும் அவன்தான், சத்தியத்துக்கும் அவன்தானா? தம்பியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு முன்னால் போய்த் தலையைக் குனிந்தேன்.

"என் தலைல பண்ணுங்கப்பா!"

அப்பா சட்டென்று என் உச்சந்தலையில் கைவைத்து, "சத்தியமா போக மாட்டேன்" என்றார். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தம்பிக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டதே! அவனைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன்.

அடுத்த வாரம் அப்பா வழக்கம்போலக் கிண்டிக்குக் கிளம்பினார். நான் மாடிப்படியில் நின்று டாட்டா காட்டினேன். செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும்.