சிவப்புத் துணி கட்டிய கிளை

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மரம் தெருவுக்கே பொது. கேளாமல் வந்து ஒடித்துச் செல்லும் உரிமை அனைவர்க்கும் உண்டு. ஆயினும் சிவப்புத் துணி கட்டிய கிளையை எவரும் தீண்டார். அதில் புழு இருக்கிறது என்று பொருள். பனியன் கம்பெனிகள் கழித்த துணியை நாடாவாகக் கிழித்து என் மனைவி கட்டிவைத்த சட்டம் அது.

கருஞ்சிறகில் வெண்புள்ளி நிரை கொண்ட பட்டாம்பூச்சிகள் இம்மரத்தை நாடி வந்து முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம் போலக் கிடக்கும். வளர்ந்தபின் இலைப்பசுமை பூணும். பிறகு இடையில் ஓர் இழையைச் சுற்றிக்கொண்டு காம்பில் சாய்ந்து கூடாகிவிடும்.

"இது கூட்டுப்புழுப் பருவம்" என்று நான் தொடங்கினால், "ஏனுங்க, அது தூங்குதுங்க. நீங்க பேசறதக் கேட்டா நானும் தூங்கிருவேன்" என்பாள் மனைவி. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டிலும் வகுப்பறைத் தமிழே பேசுவேன். அவளுக்கு அது தீராத வேடிக்கை.

சென்ற ஆண்டு அவள் கணையத்தில் கட்டி என்றனர். மருத்துவமனைக்குக் கிளம்பும்போதும் வண்டியைக் காக்கவைத்து, கொல்லைக்குப் போய் ஒரு கிளையில் நாடா கட்டி வந்தாள். கூடு பிளந்து சிறகு விரியும் கணத்தை அவள் ஒருமுறையும் கண்டதில்லை. அடுப்பைக் கவனித்துத் திரும்புவதற்குள் வெறுங்கூடுதான் தொங்கும்.

"இந்தத் தடவ பாத்தரோணுங்க" என்றாள்.

வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், செய்வதற்கொன்றுமில்லை என்று தைத்து அனுப்பினர். வீட்டுக் கட்டிலில் படுத்ததும் என்னைக் கொல்லைக்கு அனுப்பினாள்.

கூடு கறுத்திருந்தது. உள்ளே சிறகு முதிர்ந்தாலும் கறுக்கும். ஒரு நொடி மகிழ்ந்துவிட்டேன். நெருங்கியபோது பக்கவாட்டில் ஊசி குத்தியது போன்றொரு துளை. சிறுகுளவியின் குஞ்சுகள் உள்ளிருந்த உயிரைத் தின்று, அவ்வழியே வெளியேறியிருந்தன.

"பறந்துருச்சு" என்றேன், அவள் முகத்தைப் பாராமல்.



"நெசமாவே பறந்திருந்தா 'பறந்து சென்றது'ன்னல்ல சொல்லுவீங்க?"

நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே அமர்ந்தேன்.

"கூடு முழுசா இருக்குதுங்களா?"

"இருக்கிறது."

"உள்ள ஒண்ணுமில்லீங்களா?"

"இல்லை."

"என்னையாட்ட" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆறுதல் கூறியிருக்க வேண்டியவன் நான். கார்த்திகை பிறக்குமுன் அவள் போய்விட்டாள்.

அண்மையில் எதிர்வீட்டுப் பெண் கறிவேப்பிலைக்கு வந்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து தையல் வேலைக்கு வந்த குடும்பம். மரமெங்கும் ஒடிபட்டுக் கிடக்க, நாடா கட்டிய அந்த ஒரு கிளை மட்டும் இலை முற்றி அடர்ந்திருந்தது.

"அதில் எதுவும் இல்லை, ஒடித்துக்கொள்ளம்மா" என்றேன்.

"அக்கா கட்டுனதுல்லா? நீங்க அவுத்துத் தாங்க சார், ஒடிக்கேன்."

கை வைத்தேன். வெயிலில் சிவப்பு வெளிறியிருந்தது. மழையில் நனைந்து நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினால் அவிழ்ந்துவிடும்.

"வேண்டாம்மா" என்றேன். "அதுல ஒண்ணு தூங்குது."