உபரி நீர் வருகிறது

வெள்ளம் வருமுன் போய்ச் சொல்கிற வேலையில், பெரும்பாலும் மழை விட்டு வெயில் அடிக்கும்போதுதான் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். மேலே ஏரி நிரம்பிய பிறகு மதகைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் அடையாற்றில் இறங்கிப் பொழிச்சலூர் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் ஆற்றோரத் தெருக்களில் இருப்பவர்களை மேட்டுக்குக் கிளப்ப வேண்டும். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், ஊராட்சியின் தன்னார்வலர் குழுவில் பெயர் கொடுத்தேன். கதவு திறந்ததும் எதிரே ஒரு முகம் சுருங்குவதைப் பார்த்துப் பழகிய யாருக்கும், கரண்ட் கட்டணம் கேட்கப் போனவரோ கடன் தவணை கேட்கப் போனவரோ, நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

எதைத் திறக்கிறார்கள்?

டேவிட் என்பவருடைய ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு போவோம். அவர் ஓட்டுவார், நான் படிப்பேன். விமான நிலையம் பக்கத்திலேயே. “ஏரியிலிருந்து உபரி நீர்” என்று நான் ஆரம்பிக்கும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கும். சத்தம் அடங்கும்போது “இன்று மாலை திறக்கப்படும்” என்பதற்கு வந்திருப்பேன்.

முதல் நாள் திரும்பிப் பார்த்தால் ஆட்டோவுக்குப் பின்னால் ஆறேழு பெண்கள் கையில் பையோடு நிற்கிறார்கள். இவ்வளவு சுலபமாகக் கிளம்பிவிட்டார்களே என்று ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு இறங்கினேன். முன்னால் நின்றவர் கேட்டார்: “ரேஷன் கடை தொறக்கறாங்கன்னீங்களே, பாமாயில் கீதுங்களா?”

மிச்சத் தண்ணீர்

அப்புறம் விமானம் போகும்வரை காத்திருந்து படித்தேன். அப்போதும் சரிப்படவில்லை. மேலிடம் எழுதி அனுப்பும் சொல் ‘உபரி நீர்’. எவ்வளவு மெத்தென்ற சொல் பாருங்கள். வாயில் உருளும்போதே அதிலுள்ள ஆபத்து கரைந்துவிடுகிறது. வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உபரின்னா மிச்சம் மீதிதானே மேடம்? மிச்சத் தண்ணிக்கா வூட்டப் பூட்டிகினு ஓடச் சொல்றீங்க?”

வராத தண்ணீர்

தாளை மடித்து வைத்துவிட்டு, “ஆத்துல நிறைய தண்ணி வருது, வீட்டுக்குள்ள வந்துடும்” என்றே சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த முறை நம்பினார்கள். ஆற்றை ஒட்டிய கடைசித் தெருவில் செல்வி தையல் தைக்கிறாள். அவள் கணவர் சேகருக்குப் பக்கவாதம் வந்து ஒரு காலும் கையும் விழுந்துவிட்டன. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் தூக்க, மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலைவரை இருந்தோம். தண்ணீர் கரைக்குள்ளேயே அடங்கிப் போய்விட்டது. எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சேகர் மட்டும் சுவரைப் பார்த்தபடி, குழறும் வாயால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “இனிமே ஆத்தோட போனாலும்... இங்க வரமாட்டேன்.”

வெள்ளக்காரன்

அதற்குப் பிறகு எங்கள் ஆட்டோவைக் கண்டாலே சிரிப்புதான். டேவிட் சும்மா சவாரி ஏற்றப் போனாலும் டீக்கடையில் பேச்சு எழுமாம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார்: “பொறந்ததுலேர்ந்து இந்தக் கலருதான் மேடம். என்னப் போயி வெள்ளக்காரன் வந்துட்டான்றாங்க.”

செல்வி சொன்னது

அடுத்த எச்சரிக்கை வந்தபோது தகவல் மோசமாக இருந்தது. மதகுகளை எல்லாம் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். கடைசித் தெருவில் முக்கால்வாசிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். சேகர் கண்ணை மூடிக்கொண்டார். ஏரியைச் சொன்னேன், மதகைச் சொன்னேன். மூடிய கண் திறக்கவில்லை. இவர் அசையாமல் செல்வியும் அசைய மாட்டாள். படுத்திருப்பவர் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தையல் மெஷினை மேஜைமேல் ஏற்றிவிட்டு, செல்வி வாசல்வரை வந்து தணிந்த குரலில் சொன்னாள்: “அவுருக்குப் பயம்லாம் ஆத்தப் பத்தி இல்ல மேடம். ஸ்கூல்ல குந்துற கக்கூஸு. போன தபா ரெண்டு ஆம்பளைங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சிகினாங்க, கதவ சாத்த முடில. அப்பால வூட்டுக்கு வர வரிக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கல.”

பரணில் இருந்தது

என் கணவர் கடைசி மாதங்களில் பயன்படுத்திய, நடுவே திறப்பு வைத்த நாற்காலி ஒன்று வீட்டுப் பரணில் இருந்தது. யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பேன், பிறகு விட்டுவிடுவேன். டேவிட் ஏறி இறக்கினார். பள்ளியில் பொருள்கள் போட்டுவைக்கும் சின்ன அறையைக் காலி செய்து அதை வைத்தோம். திரும்பி வந்து சேகரிடம் சொன்னேன். ஏரியைப் பற்றிப் பேசவே இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கதவுக்குத் தாப்பா... கீதா?”

வந்த தண்ணீர்

இருந்தது. வந்தார்கள். அன்று சாயங்காலமே ஆறு கடைசித் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. மறுநாள் டேவிட் இடுப்பளவுத் தண்ணீரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, செல்வி வீட்டில் ஜன்னல்வரை தண்ணீர் நிற்கிறது, மெஷின் மேஜையோடு கவிழ்ந்து கிடக்கிறது என்றார். இதை எப்படிச் சொல்வது என்று நான் வராந்தாவில் நின்றேன். செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சேகரின் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சேகர்தான் கேட்டார், தண்ணீர் வந்துவிட்டதா என்று. தலையாட்டினேன். பிறகு செல்வியின் கையைப் பார்த்தபடி, என்மேல் கோபம் எதுவும் இல்லாமல் சொன்னார்: “இந்தத் தபாவும் நீங்க... பொய் சொல்லியிருக்கலாம் மேடம்.”

பொய்யாகிப் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே, நம்புங்கள் நம்புங்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிகிற வேலை இது.