அங்கம்மா முத்தமிட்ட இமை

மலேசியாவில் சாஆ என்னும் சிற்றூரில், ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வீட்டில் அங்கம்மா தனியாக இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. கணவர் இறந்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. செம்பனைத் தோட்டத்து வேலை நின்றபின், பிரசவமான வீடுகளுக்குப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். ஆண்டுக்கு ஏழெட்டுக் குழந்தைகள். வேறு யாரையும் அவர் தொடுவதில்லை. தொடுவதற்கு யாரும் இல்லை.

சென்ற ஆண்டு அதே ஊர் லோஷினிக்குப் பிறந்த பெண்குழந்தையை நீட்டிய கால்களில் கிடத்திக் குளிப்பாட்டியபோது, அவருடைய மேலுதட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து வெண்ணெய் தடவியிருந்தார். குளிப்பாட்டி முடித்ததும் வழக்கம்போல் நீர் போக மூக்கிலும் கண்ணிலும் ஊதி, இமையில் ஒரு முத்தம் வைத்தார். சில நாளில் குழந்தையின் கண் சிவந்தது. இமையோரம் சிறு நீர்க்கொப்புளங்கள். பக்கத்து நகரமான சிகாமட்டின் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

லோஷினி அங்கிருந்து தொலைபேசியில் அழுதாள். ஹெர்பிஸ் என்னும் கிருமியாம். கருவிழியைத் தாக்கினால் பார்வையே போகலாமாம். உடலுறவில் தொற்றியிருந்தால் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும், வாய்ப்புண் உள்ளவர்கள் முத்தமிட்டாலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாயிடமிருந்து என்பதை மட்டும் அவள் கணவன் செல்வா பிடித்துக்கொண்டான். உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவன், அதன்பின் அவளிடம் பேசவில்லை.

அழாதே என்று மட்டும் சொல்லி அங்கம்மா போனை வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் இனி எந்த வீட்டிலும் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். நான்கு நாள் வீட்டிலேயே இருந்தார். ஐந்தாம் நாள் பஸ் ஏறினார். இதைத் துணிவு என்று சொல்லிவிட முடியாது. அந்த நான்கு நாளையும் லோஷினிதான் சுமந்தாள்.

வார்டு வாசலில் செல்வா நின்றிருந்தான்.

"தம்பி, புண்ணு என் உதட்டுலதான் இருந்துச்சு. நான்தான் கண்ணுல முத்தம் கொடுத்தேன். லோஷினிய ஒண்ணும் கேக்காதீங்க."

"எப்பலேருந்து தெரியும் ஆன்ட்டி?"

"நாலு நாளா."

அவன் உள்ளே போனான். சற்று நேரத்தில் லோஷினி வந்தாள். பார்வைக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பிறகு, "நாலு நாளு அவரு என்னைப் பாத்த பார்வை உங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி. நீங்க இனிமே வர வேணாம்" என்றாள்.

ஆனால் அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து, பக்கத்து ஊரான பாலோவிலிருந்து வாசுகி என்ற கர்ப்பிணிப் பெண், பிறக்கப்போகும் குழந்தையைக் குளிப்பாட்டக் கூப்பிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அங்கம்மாவே சொன்னார்.

"எனக்கு உதட்டுல புண்ணு வந்து வந்து போகும்மா. ஒரு குழந்தைக்கு என்னால கண்ணுல வந்துடுச்சு. புண்ணு இருந்தா வரமாட்டேன். இல்லாட்டியும் மாஸ்க் போட்டுக்குவேன், ஊத மாட்டேன். யோசிச்சிச் சொல்லு."

யோசித்துச் சொல்வதாக வாசுகி சொன்னாள். பிறகு கூப்பிடவில்லை. அவளுடைய குழந்தைக்கு இப்போது மூன்று மாதம் இருக்கும்.