தொண்ணூறு வினாடியும் ஒரு கைலேஞ்சியும்

உள்ளங்கையில் இரும்புத் துருவின் மணம்... மூன்று வருடத்துக்கு முந்திய அந்த அஸர் தொழுகைக்குப் பிந்திய நேரங்களை நினைத்தால் முதலில் வருவது அதுதான்.

கடலுக்குக் கிட்ட, ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடியில் ஜிம். உப்புக் காற்றில் டம்பெல் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும். மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் மஃரிப் தொழுகைக்குக் கை கட்டும்போது மணக்கும்.

அறுபத்தெட்டு வயதில் உமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் பல தடவை கேட்டுக்கொண்டேன். காரணம் ஒரு பிளாஸ்டிக் கதிரை.

நெற்றி தரையில் படும் சுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் போய், பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழத் தொடங்கியிருந்தேன். முப்பது வருடம் என் வலது தோளோடு தோள் ஒட்டி நின்ற கூட்டாளி ஆதம்பாவா தொழுகை வரிசையில், ஸஃபின் நடுவில். நான் ஓரத்தில்...

"முழங்கால்ல பழுது இல்ல, தசையிலதான் பெலன் இல்ல" என்றார் டொக்டர். மறுபடியும் ஆதம்பாவாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஜிம்மை நடத்திய றம்சீன், கட்டாரில் பத்து வருடம் இதே தொழில் செய்துவிட்டு வந்தவர், ஒரு தாளில் எழுதித் தந்தார். நான் நில அளவை அலுவலகத்தில் படவரைஞனாக இருந்தவன். வீட்டில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, அதை அட்டவணையாக்கினேன். டம்பெல்லைப் பிடித்தபடி பெஞ்சில் குந்தி எழும்புவது பத்து. கேபிளை நெஞ்சுக்கு இழுப்பது பத்து. பிறகு தொண்ணூறு வினாடி ஓய்வு. இப்படி மூன்று சுற்று.

குந்துவதற்கும் இழுப்பதற்கும் இடையில் ஓய்வு எழுதப்படவில்லை. அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து, நானே அறுபது வினாடி சேர்த்துக்கொண்டேன். இரண்டு கிழமை அப்படியே செய்தேன். றம்சீன் கண்டுவிட்டார்.

"காக்கா, இடையில குந்திக்கிட்டு என்ன பாக்கீங்க?"

"ஓய்வு, தம்பி."

"இடையில என்ன ஓய்வு? ரெண்டையும் ஒட்டிச் செஞ்சாத்தான் சூப்பர்செட். எழும்பக்குள்ள வேலை காலுக்கு. இழுக்கக்குள்ள வேலை முதுகுக்கு, கால் ஆறும். மறுகா என்னத்துக்கு ரெஸ்ட்?"

"அப்ப கடைசித் தொண்ணூறு செக்கன்?"

"அது மூச்சு இறங்க. குறைஞ்சா அடுத்த சுத்துல கால் நடுங்கும். கூடினா உடம்பு குளிந்திரும்."

விளங்கியது. செய்வதுதான் முடியவில்லை. கேபிளில் பத்து இழுத்துவிட்டுத் திரும்பினால், பெஞ்சில் வேறொருவர் படுத்திருப்பார். நான் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நின்று பார்ப்பேன். கடிகாரம் ஓடும். தொண்ணூறு, நூற்றைம்பது, முந்நூறு...

யோசித்து ஒரு வழி கண்டேன். ஸஃபில் இடம் பிடித்துவிட்டு கைகால் கழுவி வுழூ செய்யப் போகிறவர்கள் முகம் துடைக்கும் கைலேஞ்சியை விரித்து வைத்துவிட்டுத்தானே போவார்கள்? நானும் என் கைலேஞ்சியைப் பெஞ்சில் விரித்துவிட்டுக் கேபிளுக்குப் போனேன்.

நான்காவது இழுப்பில் ஒருவர் லேஞ்சியோடு வந்து நின்றார். பாலமுனை மீன் வியாபாரி, கதவளவு தோள்.

"காக்கா, லேஞ்சிய மறந்துட்டு வந்துட்டீங்க."

"ஜஸாக்கல்லாஹ்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்னத்தைச் சொல்வது? அவர் போய் என் பெஞ்சில் படுத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை மூன்று தடவை லேஞ்சி திரும்பி வந்தது. ஒரு தடவை நான் போன பிறகு கண்டெடுத்தாராம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, அயன் பண்ணி, மறுநாள் தந்தார்!

ஓய்வாவது ஒழுங்காக நடந்ததா? அதுவுமில்லை. கடிகாரத்தை அழுத்தியதும் ஒருவர் ஸலாம் சொல்வார். மருமகன் சவூதியிலிருந்து வந்தாரா, இறக்காமத்து வயலில் யானை இறங்கியதாமே... பதில் சொல்லாமல் எப்படி எழும்புவது? நான் ஜிம் கணக்கு எழுதிய கொப்பியில் இன்றும் இருக்கிறது: "ஓய்வு: 14 நிமிடம். காரணம்: யானை."

கடைசியில் ஒரு நாள், மீன் வியாபாரி மறுபடியும் லேஞ்சியோடு வந்தார்.

"அது மறந்ததில்ல, தம்பி... இடத்துக்கு வெச்சது." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன காக்கா?"

"இடத்துக்கு வெச்சது! பள்ளியில வெக்கிற மாதிரி!"

ஜிம்மே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் மட்டும் திரும்பிப் போய், லேஞ்சியைப் பெஞ்சில் விரித்து, கையால் நீவிவிட்டார்.

"அல்லாஹ்... இத முதல் நாளே செல்லியிருந்தா நான் ஏன் அயன் பண்ணித் தாறன்?"

அதன் பிறகு, "காக்காட லேஞ்சி கிடக்கு, அங்கால போடா" என்று அவரே காவல். நான் ஜிம்முக்குப் போகத் தொடங்கிய எட்டாவது மாதம் ஒரு லுஹர் தொழுகையில், கையைத் தரையில் ஊன்றி, சுஜூதிலிருந்து எழும்பி நின்றேன். வலது பக்கம் ஆதம்பாவாவின் தோள்.

இப்போது ஜிம் பெரிய கட்டிடத்துக்குப் போய்விட்டது. ஏசி, துருவில்லாத டம்பெல். எல்லோர் காதிலும் ஏதோ செருகியிருக்கிறது. ஸலாம் சொன்னாலும் கேட்பதில்லை. என் ஓய்வு சரியாகத் தொண்ணூறு வினாடி. கொப்பியில் காரணம் எழுதும் பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. கேட்டது கிடைத்தும் எரிச்சல்தான் வருகிறது.

அதைவிட எரிச்சல் ஆதம்பாவா. போன வருடத்திலிருந்து அதே பிளாஸ்டிக் கதிரையில் அவன். என்னோடு வாடா என்று எத்தனை தரம் கூப்பிட்டுவிட்டேன்!

"நீ சூப்பர்செட்ட செய். ரெஸ்ட நான் எடுக்கன்."

"ரெஸ்ட் முடிஞ்சா எழும்பணும்டா."

"முதல்ல உன்ட மணிக்கூட்ட நிப்பாட்டு."

ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் முந்திப் போய், என் வலப்பக்கம், அவன் இடத்தில், கைலேஞ்சியை விரித்து வைக்கிறேன். தொழுகை தொடங்குவதாக இகாமத் சொன்னதும், இடைவெளியை நிரப்ப வருகிறவர் குனிந்து அதை எடுக்கிறார். மடித்து என் கையில் தருகிறார்.

"காக்கா, உங்கட லேஞ்சி."

வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.